அண்ணன் அனுப்பிய மெஷினும் அப்பாவின் நாடகத் தாள்களும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அண்ணியும் அந்தக் குளிரில் இருமல் தும்மல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று முதலில் கேட்டு எழுதச் சொல்கிறாள் அம்மா. கேட்டுவிட்டேன். இது அம்மாவே எழுத வேண்டிய கடிதம்தான். ஆனால் பேனாவைக் கையில் எடுத்தால் தனக்குத் திட்டு மட்டும்தான் வரும் என்று அவளே சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டாள். எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொல்கிறாள், நான் திட்டுகளை எல்லாம் வடிகட்டிவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன், மிச்சம் கொஞ்சம்தான் வருகிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேசை நடுவில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வானொலி கேட்பதுபோல உட்கார்ந்துவிடுகிறார். அதில் எப்படி அவரைப் பற்றியே குறை சொல்வது? இப்போது மாலை ஆட்டத்துக்குத் திரை இழுக்க நாடக அரங்கத்துக்குப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

விஷயம் நீ அனுப்பிய லேமினேஷன் மெஷின்தான் அண்ணா. நீ நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாய், அதில் எனக்கோ அம்மாவுக்கோ சந்தேகம் இல்லை. அப்பா சேர்த்து வைத்திருக்கும் நாடகத் தாள்கள் பூச்சி அரித்துப் போகின்றன என்று அவர் உன்னிடம் புலம்பியிருப்பார், நீயும் அங்கே கடையில் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்து வாங்கியிருப்பாய். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், “மூத்தவன் தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டு எதையோ அனுப்பினான், அது என் தலையில வந்து விழுந்துது.”

நீ இருந்தபோதே வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். இப்போது இன்னும் மோசம். நீ படுத்த கட்டிலில் மனிதர் படுக்க முடியாது, அதில் பழைய போஸ்டர்கள் மெத்தை உயரத்துக்கு இருக்கின்றன. பிஸ்கட் டப்பாவில் ராஜாவின் தாடி இருக்கிறது, போன மாதம் அம்மா பிஸ்கட் என்று திறந்து கத்திவிட்டாள். கை உடைந்த சிம்மாசனத்தின் ஒரு கை குளியலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது, தகரக் கத்தி ஜன்னல் கொக்கியில் தொங்குகிறது. இதெல்லாம் போகட்டும். முக்கியமானது புரோகிராம் தாள்கள். அப்பா அந்த அரங்கத்தில் திரை இழுக்க ஆரம்பித்ததிலிருந்து நடந்த ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒன்று. யாருக்காவது காய்ச்சல் வந்து அன்றைக்கு அந்த வேடத்தில் வேறொருவர் நடித்தால், அதைச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு அடித்து புரோகிராம் தாளுக்குள் செருகிக் கொடுப்பார்களே, ஜனங்கள் அதைப் படித்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். அப்பா ஆட்டம் முடிந்ததும் நாற்காலிக்கு நாற்காலி குனிந்து அதையும் பொறுக்கிக்கொண்டு வந்து, அந்தந்த நாள் தாளுக்குள் அதே இடத்தில் செருகி வைத்திருக்கிறார். அந்தத் துண்டுச் சீட்டுகள்தான் வேறு எங்கேயும் கிடைக்காதவை. முதுகு வலிக்கிறது என்று பால் வாங்கக்கூடக் குனியாத மனிதர் அதற்காகக் குனிவார் என்று எழுதச் சொல்கிறாள் அம்மா.

மெஷின் வந்த அன்றைக்கு அப்பா குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்துதான் பெட்டியைத் திறந்தார். முதலில் லேமினேட் பண்ணியது எதை தெரியுமா, நீ பார்சல் மேல் உன் கையால் எழுதியிருந்த விலாசத்தை. கத்தரித்து எடுத்து, உறைக்குள் வைத்து, மெஷினில் விட்டு, மறுபக்கம் பளபளவென்று வெளியே வந்ததும் என்னிடம் தூக்கிக் காட்டினார். அப்புறம் மின்சார பில், அம்மாவின் மருந்துச் சீட்டு, சுவரில் இருந்த நாட்காட்டித் தாள். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா தன் அளவு அட்டையைக் கொண்டுவந்து தந்தாள், அவளிடம் “என் பிள்ளை அனுப்பினது, அங்கேயெல்லாம் இதுதான் வச்சிருக்காங்க” என்றார். அங்கே என்றால் எங்கே என்று அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வீடு முழுக்கச் சூடான பிளாஸ்டிக் வாடை, சாப்பாட்டிலும் அதே வாடை. அதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதவே மாட்டேன்.

அடுத்து டிக்கெட்டுகள். பழைய அட்டை டிக்கெட்டுகள் ஒழுங்காக வந்தன. கம்ப்யூட்டரில் அடிக்க ஆரம்பித்த பிறகு வந்த வழவழப்பான டிக்கெட்டுகள் இருக்கின்றனவே, சூடு பட்டால் கறுத்துப் போகிற காகிதம், அதை எடுத்து மெஷினில் விட்டார். மறுபக்கம் கறுப்பாக வந்தது. அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த டிக்கெட்டில்தான் ஏதோ கோளாறு என்று அடுத்ததை விட்டார். அதுவும் கறுப்பு. அடுத்ததையும் விட்டார் அண்ணா. ஒவ்வொரு தடவையும் இது சரியாக வரும் என்று நம்பி அந்தக் கட்டு முழுவதையும் விட்டார். அம்மா வந்து பார்த்து, “எல்லா நாடகத்துலயும் விளக்கை அணைச்சிட்டீங்க போலிருக்கே” என்றாள். அதற்கு அவர், அடியில் எழுத்து இருக்கத்தான் இருக்கும், சாய்த்துப் பார்த்தால் தெரியும் என்றார். நாங்கள் எல்லோரும் சாய்த்துப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.

பிறகு புரோகிராம் தாள்களுக்கு வந்தார். அவை மடித்த தாள்கள், உள்ளே பிரித்தால்தான் யார் யார் என்ன வேடம் என்று இருக்கும். அப்பா பிரிக்காமல் மடித்தபடியே உறைக்குள் வைத்துவிட்டார். கேட்டால், பிரித்தால் உள்ளே இருக்கும் துண்டுச் சீட்டு விழுந்துவிடுமாம், மடித்தபடியே மூடினால் அது எந்தக் காலத்திலும் எங்கேயும் போகாதாம். போகாதுதான். யாராலும் பார்க்கவும் முடியாது. இப்போது நம் வீட்டில் திறக்க முடியாத புரோகிராம் தாள்கள் ஒரு அடுக்கு இருக்கின்றன, மேல் அட்டை மட்டும் கண்ணாடிபோல மின்னுகிறது. அப்பா அதைத் தட்டிப் பார்த்து, “தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது” என்கிறார். யார் தண்ணீரில் போடப் போகிறார்கள்?

இதில் எனக்கு என்ன வந்தது என்று நீ கேட்கலாம், அம்மா கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். அரங்கத்தின் முன்பக்கம் பழைய டிக்கெட் அறை சும்மா கிடந்ததல்லவா, அதில் கண்ணாடி அலமாரிகள் போட்டுப் பழைய நாடகப் பொருள்களைப் பார்வைக்கு வைக்கப் போகிறார்கள். மேனேஜர் அப்பாவிடம்தான் முதலில் கேட்டார், வேறு யாரிடம் கேட்பார், வேறு யாரிடமும் ஒன்றும் இல்லை. எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்துச் சொல்ல ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு மேடத்தை ஏற்பாடு செய்திருக்கிறார். அந்த அறையைத் திறந்து, தூசி தட்டி, தாள்களைப் பார்த்துக்கொண்டு உட்கார ஒரு ஆள் வேண்டும். அப்பா என்னைக் கேட்காமலே என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். அவர் என்னைக் கேட்காமல் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

அண்ணா, நான் பள்ளிக்கூடத்தை விட்டது எப்படி என்று உனக்குத் தெரியும். எழுந்து நின்று வாசி என்றால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அம்மா கால் ஒடிந்து படுத்தபோது வீட்டு வேலைக்கு நின்றேன், அவள் கால் சரியான பிறகு போ என்று யாரும் சொல்லவில்லை, நானும் போகிறேன் என்று சொல்லவில்லை. அப்புறம் தையல்கார அக்கா கடையில் உட்கார்ந்தேனே, வருகிறவர்கள் நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டால் தலையாட்டினேன், இன்றைக்கே கிடைக்குமா என்று கேட்டாலும் தலையாட்டினேன், கடைசியில் அக்கா கைகூப்பி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். எனக்குத் தெரிந்த வேலை அப்பாவின் தாள்கள்தான். மெல்லிய பிரஷ்ஷால் தூசி எடுப்பது, நடுவில் வெள்ளைத் தாள் வைப்பது, மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் மாற்றி அடுக்குவது, வெள்ளிப்பூச்சியைத் தேடிப் பிடிப்பது. அந்த அறை எனக்கு வேண்டும் அண்ணா. இவ்வளவு வெளிப்படையாக நான் எதையும் வேண்டும் என்று எழுதியதில்லை. அம்மா நறுக்குவதை நிறுத்திவிட்டு நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறாள்.

காப்பகத்து மேடம் முதல் தடவை அரங்கத்துக்கு வந்து அறையை மட்டும் பார்த்துவிட்டுப் போனபோது நான் அங்கே இருந்தேன், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். மேடம் மேனேஜரிடம், “தாள் எதையும் டேப் போட்டு ஒட்ட வேண்டாம்னு சொல்லுங்க, லேமினேஷன் கூடவே கூடாது, பண்ணினா மறுபடி பிரிக்க முடியாது, நாங்க எடுத்துக்கவும் மாட்டோம்” என்றார். மேனேஜர் மும்முரமாகத் தலையாட்டினார், உடனே மறந்துவிட்டார். அப்பா மேடைக்குப் பின்னால் இருந்தார், அவர் காதில் விழவில்லை. என் காதில்தான் விழுந்தது. அதற்குள் வீட்டில் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்குச் சாப்பிடும்போது சொல்லிவிட வேண்டும் என்று வழி முழுவதும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பா என்று கூப்பிட்டேன். “என்னம்மா?” என்று நிமிர்ந்தார். உப்பு வேண்டும் என்றேன். மறுநாளும் கூப்பிட்டேன், மறுநாளும் உப்புதான். “இவளுக்கு உப்பு ஏன் இவ்வளவு போகுது, டாக்டர்கிட்ட காட்டணும்” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கடைசியில் அம்மாதான் சொன்னாள். அதற்கு அவர் சொன்னதுதான் எங்களுக்குத் தலைவலி. “அந்தம்மா என் தாளை இன்னும் கண்ணாலகூடப் பார்க்கல. என் பிள்ளை யோசிக்காம ஒரு பொருள் அனுப்புவானா? அவன் படிச்சவன்.” நீ படித்தது கட்டடக் கணக்கு, காகிதம் இல்லை என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுதான் என்றுவிட்டார்.

நான் பிளாஸ்டிக் உறைகளை ஒளித்து வைத்தேன், கடையில் புதிதாக வாங்கி வந்துவிட்டார். பிறகு ஒரு மத்தியானம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த ரோஸ் நிறத் தாளை எடுத்தார். அது எது என்று உனக்குத் தெரியும். அப்பா சேர்ந்த புதிதில் நடந்த நாடகம், காவலனாக நடிக்க வேண்டியவர் வராததால் திரை இழுக்க வந்தவரைப் பிடித்து ஈட்டியைக் கையில் கொடுத்து நிறுத்திவிட்டார்கள், காட்சி முடிந்தபோது திரையை இழுக்க ஆள் இல்லாமல் இவரே ஈட்டியோடு ஓடிப்போய் இழுத்தாரே, அந்த நாடகம். அந்தத் துண்டுச் சீட்டில்தான் அப்பாவின் பெயர் அச்சில் இருக்கிறது. நடிகர் பெயர், பாடியவர் பெயர், நாற்காலி கொடுத்த கடைக்காரர் பெயர்கூட எல்லாத் தாளிலும் இருக்கும், திரை இழுப்பவர் பெயரை யாரும் போடுவதில்லை. அந்த ஒரு சீட்டு மட்டும்தான். அதை அப்பா உறைக்குள் வைத்தார், மடித்தபடியே.

நான் மாடிப்படிக்கு ஓடிப்போய் பியூஸைப் பிடுங்கினேன். முதலில் பிடுங்கியது மாடிப்படி விளக்குக்கான பியூஸ். இரண்டாவதைப் பிடுங்கிவிட்டு உள்ளே வந்து பார்த்தால், மெஷின் தாளைக் கொஞ்சம் கடித்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறது. உருளைகள் சூடு, மின்சாரம் இல்லை, தாள் உள்ளேயும் போகவில்லை வெளியேயும் வரவில்லை. நான் செய்தது நல்லதா கெட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை. கீழ்வீட்டுக்கும் அதே லைன்தானே, தையல்கார அக்கா கையில் பாதி தைத்த சட்டையோடு மேலே ஏறி வந்து, “என்ன சித்தப்பா, உங்க பிள்ளை மெஷின் ஊர் கரண்டையே குடிச்சிட்டுதா?” என்றாள். அப்பா மெஷினைக் குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டு இருந்தார். அம்மா தெருமுனையிலிருந்து எலெக்ட்ரீஷியன் மாமாவைக் கூட்டி வந்தாள். அவர் பெட்டியைத் திறந்து பார்த்து, “பியூஸ் போகல அண்ணே, பியூஸே இல்ல. எலி இதைக்கூடத் தூக்குமா?” என்றார். எல்லோரும் எலியைத் தேட ஆரம்பித்தார்கள். நான் பாவாடைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். இரண்டையும் வைத்தேன்.

மாமாதான் மெஷின் ஓரத்தில் இருந்த விசையைத் தள்ளி உருளையைத் தளர்த்தித் தாளை மெதுவாக வெளியே எடுத்தார். ஒரு ஓரம் மட்டும் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தது, மற்ற இடம் தப்பித்தது, துண்டுச் சீட்டும் உள்ளே பத்திரமாக இருந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையைப் போட்டுக்கொண்டு அரங்கத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து என்னிடம் நேராகப் பேசுவதில்லை, அம்மா வழியாகத்தான். நான் பக்கத்திலேயே நிற்கும்போது, “அவகிட்ட அந்தச் செருப்பை எடுத்துத் தரச் சொல்லு” என்கிறார். அம்மா, “காது உனக்கும் இருக்கு, எடுத்துக் குடு” என்கிறாள். மெஷினை அலமாரி மேலே தூக்கி வைத்து உன் பழைய துண்டால் மூடியிருக்கிறார், ஆனால் இனி போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

போன வாரம் காப்பகத்து மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார். நம் படிக்கட்டு ஏறி, உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நல்லவர்தான். தாடி டப்பாவைப் பார்த்துச் சிரித்தார், வேண்டும் என்றார். நான் வெள்ளைத் தாள் நடுவில் வைத்த கட்டுகளைப் பார்த்து இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். ரோஸ் தாளை மூச்சுகூட விடாமல் திருப்பிப் பார்த்து, இந்த ஓரத்தை இப்படியே விட்டுவிடுவோம் என்றார். பளபள அடுக்கு வந்தது. அதை அப்படியே எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, “இதைத் தவிர மத்ததெல்லாம் எடுத்துக்கலாம் சார்” என்றார். அவ்வளவுதான் சொன்னார், குரல்கூட உயரவில்லை. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்போ இது குப்பையா?” என்றார். மேடம் பதில் சொல்வதற்குள், “என் பிள்ளை அனுப்பின மெஷின்ல போட்டது வேண்டாம்னா எதுவுமே வேண்டாம். நான் குடுக்கல” என்றுவிட்டார். மேனேஜர் கெஞ்சினார். மேடம், யோசித்துச் சொல்லுங்கள், அடுத்த வாரக் கடைசி வரை காத்திருக்கிறேன், அதற்குள் தெரியாவிட்டால் அந்த அறையில் நடிகர்களின் படங்களை மட்டும் மாட்டச் சொல்லிவிடுகிறேன் என்று போய்விட்டார். படம் மாட்டினால் பார்த்துக்கொள்ள ஆள் எதற்கு? பூட்டுப் போட்டால் போதும்.

இதுதான் நடந்தது. உன்மேல் வைத்த பாசத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எங்களை ஆட்டி வைக்கிறார் என்று எழுதச் சொல்கிறாள் அம்மா. அந்த மெஷின் பில்லுக்கும் அட்டைக்கும்தான், பழைய தாளுக்கு இல்லை, தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று நீயே உன் வாயால் அப்பாவிடம் சொல்லிவிடு. கடிதம் கையில் கிடைத்த நாளே போன் பண்ணு. நாங்கள் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அம்மா பீன்ஸை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள், கடிதம் போய்ச் சேரும் முன்பே வாரம் முடிந்துவிடுமே என்று சொன்னேன், அதற்கு அவள், “அது எனக்கும் தெரியும், யாரையாவது திட்டி எழுதணும் போல இருந்துது” என்கிறாள்.

இதற்கு மேல் எழுதுவது அடுத்த நாள். கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன், ஒட்டியிருந்தால் உனக்குப் பாதிக் கதைதான் வந்திருக்கும். ராத்திரி படுத்தபோது எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், அப்பா உன் பெயரைச் சொல்கிறார், அம்மா உன்னைச் சொல்லச் சொல்கிறாள், அந்த அறை எனக்கு வேண்டும் என்பதை அப்பாவிடம் யாருமே சொல்லவில்லை. நானும் உப்புதான் கேட்டிருக்கிறேன்.

காலையில் அரங்கத்துக்குப் போனேன். அப்பா ஏணிமேல் ஏறித் திரையின் கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கூட்டிப் பெருக்குகிற அக்கா மட்டும் நாற்காலிகளுக்கு நடுவில் இருந்தாள். நான் மேடைமேல் ஏறி ஏணிக்குக் கீழே நின்று, “அப்பா, அந்த ரூம்ல நான் வேலை பார்க்கணும்” என்றேன். என்னவோ கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னேன். கப்பியை இன்னொரு தடவை சுற்றிவிட்டு, “கேக்கல” என்றார். பெருக்குகிற அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, “வாசல்ல நிக்கிறவனுக்கே கேட்டிருக்கும் அண்ணே, உங்களுக்குக் கேக்கலையா?” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தொண்டை அடைக்க நேரமே இல்லை. கத்தியே சொன்னேன். “அண்ணனுக்காகத் தாளைத் தர மாட்டேங்கறீங்க. அண்ணன் அங்கே இருக்கான், அவனுக்கு வேலை இருக்கு. நான்தான் இங்கே இருக்கேன். எனக்குத்தான் ஒண்ணும் இல்ல. அந்தத் தாளை எல்லாம் துடைச்சது நான். எனக்காகக் குடுங்கப்பா.” வெறும் அரங்கம் அண்ணா, சொன்னது எல்லாம் பின் சுவரில் பட்டுத் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. வெட்கமாகிவிட்டது.

அப்பா எண்ணெய்க் குப்பியை மூடினார். ஏணியில் கொஞ்சம் இறங்கினார், நின்றார், இன்னும் கொஞ்சம் இறங்கினார். என்னைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்துவிடாதே, நம் அப்பா அப்படிச் செய்வாரா? “பளபளா அடுக்கை என்ன பண்றதாம்?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், “அந்தம்மா எடுத்துக்கற தாளை ஜனங்க தொடலாமா?” என்று கேட்டார். தொடக் கூடாது, கண்ணாடிக்குள் வைப்பார்கள் என்றேன். “என் பிள்ளை மெஷின்ல போட்டதை யார் வேணும்னாலும் தொடலாம், ஈரக் கையால தொடலாம், சின்னப் பிள்ளைங்க பிடிச்சு இழுக்கலாம். கண்ணாடிக்கு வெளியில ஒரு மேசை போட்டு அதுமேல வைக்கச் சொல்லு. எது ஒசத்தின்னு ஜனங்க சொல்லட்டும்.” பெருக்குகிற அக்கா சிரித்துவிட்டாள், நான் சிரிக்கவில்லை, சிரித்தால் மறுபடி மாற்றிச் சொல்லிவிடுவார். மேனேஜர் அப்போதே மேடத்துக்குப் போன் போட்டார். மேடமும் சம்மதித்துவிட்டார், வருகிறவர்களுக்குத் தொட்டுப் பார்க்க ஒரு மேசை இருப்பது நல்லதுதான் என்றாராம். அதைக் கேட்டதிலிருந்து அது முழுக்கத் தன் யோசனை, தானும் தன் பிள்ளையும் சேர்ந்து செய்தது என்று தெருவில் சொல்லிக்கொண்டு போகிறார். கறுத்துப் போன டிக்கெட்டுகளையும் அந்த மேசையில் வைக்க வேண்டுமாம். சாய்த்துப் பார்த்தால் எழுத்து தெரியும் என்று ஒரு அட்டையில் எழுதி வைக்கச் சொல்கிறார். நான் எழுத மாட்டேன் என்றேன், சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

மத்தியானம் வீட்டில் பெட்டிகளைக் கட்டி அரங்கத்துக்கு எடுத்துப் போனோம். ரோஸ் தாளை மட்டும் அப்பா பெட்டியில் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார், நான் பின்னால் நடந்தேன். அறைக்குள் வந்ததும் எந்த அலமாரியின் எந்தத் தட்டில் வைப்பது என்று என்னைத்தான் கேட்டார், அம்மா வழியாக இல்லாமல் நேராகவே கேட்டார். நான் காட்டினேன். அங்கே வேண்டாம், வெளிச்சம் போதாது என்று வேறு தட்டில் வைத்தார். நாளைக்கு அவர் மேடைக்குப் பின்னால் போனதும் எடுத்து நான் சொன்ன தட்டில் வைப்பேன், அங்கே வெயில் படாது. அவர் திரும்பி வந்து மாற்றுவார். எத்தனை நாள் இப்படிப் போகும் என்று தெரியவில்லை, அறைக்குச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

உனக்கும் அண்ணிக்கும் அம்மா ஆசீர்வாதம் சொல்கிறாள், வேளைக்குச் சாப்பிடுங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள், ஒருவர் பேசும்போது ஒருவர் போனைப் பார்க்காதீர்கள் என்கிறாள். அப்பா இப்போதுதான் வந்தார், யாருக்குக் கடிதம் என்று கேட்டார், உனக்கு என்றேன், என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார், மெஷின் நன்றாக ஓடுகிறது என்றும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். மறந்துவிடாதே அண்ணா, மேலே நாங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிடாதே. போன் பண்ணும்போது மெஷின் எப்படி இருக்கிறதப்பா என்று மட்டும் கேள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுமையாக உட்கார், பதில் நீளமாக இருக்கும்.

அம்மா சொன்னது பாதி, நான் சொன்னது பாதியாக,
உன் தங்கை